மாடல் ரயில் ஹாபி: ரெண்டு வயசு முதல் எழுபது வரைக்கும், நம்ம சிங்கப்பூர் வீட்டுக்கு ஏத்த மாதிரி – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்ல மாடல் ரயில் வச்சிருக்கேன்னு தெரிஞ்சா போதும், கல்யாண வீடா இருக்கட்டும் லிஃப்ட் லாபியா இருக்கட்டும், எல்லாரும் கேக்கறது கிட்டத்தட்ட அதே கேள்விங்கதான். அதனால மொத்தமா ஒரே எடத்துல எழுதி வச்சுட்டேன். ஓரளவுக்கு வயசு வாரியா போட்டிருக்கேன், நடுநடுவுல கரண்ட், எடம், பூஞ்சைன்னு பொதுவான சமாச்சாரமும் வரும். என் கட்சி என்னன்னு முன்னாடியே சொல்லிடறேன்: வீவக (எச்டிபி அடுக்குமாடி) வீட்ல இந்த ஹாபி நிலைக்கணும்னா ஓட்டி முடிச்சதும் எடுத்து வைக்கற மாதிரி இருக்கணும். எடுத்து வைக்க முடியாத லேஅவுட், அதாவது தண்டவாளம், வீடு, மரம்னு நிரந்தரமா கட்டின அமைப்பு, கொஞ்ச நாள்ல இஸ்திரி போடாத துணி குவிக்கற எடமா மாறிடும்.

எங்க பையனுக்கு ரெண்டரை வயசு, எம்ஆர்டி மெட்ரோ ரயிலப் பாத்தா கத்துறான். இப்பவே நல்ல எலெக்ட்ரிக் செட் வாங்கலாமா?

வேணாம். டூப்லோ ரயில் வாங்குங்க, அதுதான் இந்த வயசுக்குன்னே செஞ்சது. மர ரயில்னா பிரியோ இருக்கு, இல்ல ஐகியால லில்லாபோ இருக்கு, ரெண்டு தண்டவாளமும் ஒன்னோட ஒன்னு சேரும், அதனால முதல்ல விலை கம்மியானத வாங்கி அப்புறமா நல்ல வண்டி ஒன்னு ஒன்னா சேத்துக்கலாம். பெட்டில மூணு வயசுக்கு மேலன்னு போட்டிருந்தா அத மதிங்க, சின்ன பொருள் தொண்டைல மாட்டும்னுதான் போடறாங்க.

மர ரயில் பெட்டிங்க காந்தத்தாலதான் கோத்துக்கும். அந்த காந்தம் லூசாகி வெளிய வருதான்னு மாசத்துக்கு ஒரு தடவ இழுத்துப் பாருங்க. ரெண்டு காந்தத்த முழுங்கிட்டா குடலுக்குள்ள ஒன்னை ஒன்னு புடிச்சுக்கும், நடுவுல மாட்டற குடல் ஓட்டையாகிடும், அது வீட்ல காத்திருந்து பாக்கற விஷயம் இல்ல, நேரா ஆஸ்பத்திரிக்குப் போகணும். பட்டன் பேட்டரியும் அப்படித்தான்.

இன்னொன்னு, இந்த வயசுல அவனுக்கு வட்டமா தண்டவாளம் போட்டுக் குடுக்கணும்னு அவசியமே இல்ல. கன்னத்த தரையில வச்சுப் படுத்துக்கிட்டு, சக்கரம் கண்ணுக்கு நேரா போய்ட்டு வர்றதப் பாத்துக்கிட்டே இருப்பான். நாலு நேர் தண்டவாளமும் ஒரு பாலமும் போதும், பெரிய செட்டு வாங்கிக் கட்டி முடிச்சா அப்பாதான் விளையாடுவாரு.

நாலு வயசு ஆச்சு, தானா ஓடற ரயில் வேணுமாம்.

பிளாரெயில். ஜப்பான்ல டோமி கம்பெனி 1959ல ஆரம்பிச்சது, நீல கலர் பிளாஸ்டிக் தண்டவாளம், பெரும்பாலான வண்டிக்கு ஒரே ஒரு டபுள் ஏ பேட்டரி. இதுல ஒரு பெரிய சௌகரியம், பழைய தண்டவாளமும் புது தண்டவாளமும் சேரும், அதனால அண்ணன் மகனோடத வாங்கி தம்பி மகனுக்குக் குடுக்கலாம், கரோசல்னு பழசு விக்கற ஆப்ல மூட்டையா வாங்கலாம், அப்புறம் அதே மூட்டைய விக்கலாம். தண்டவாளத்துல கரண்ட் ஓடாது, தண்ணி கொட்டினாலும் ஷாக் பயம் இல்ல. சத்தம் மட்டும் பலமா இருக்கும், ராத்திரி ஒன்பது மணிக்கு மேல கீழ் வீட்டுக்காரங்கள நினைச்சு ஒரு பாய் விரிச்சு அது மேல போடுங்க.

அப்ப நிஜ மாடல் எந்த வயசுல?

வயசு கேக்காதீங்க, விரலப் பாருங்க. மாடல் ரயில்ல ஒரு பெட்டிக்கு அடியில ரெண்டு போகி, அதாவது சக்கரச் சட்டம், போகிக்கு நாலு சக்கரம், ஆக எட்டு சக்கரமும் தண்டவாளத்துக்கு உள் பக்கமா சரியா உக்காரணும். பிள்ளை கையில ஒரு பெட்டியக் குடுத்து தண்டவாளத்துல வைக்கச் சொல்லுங்க. ஒரு பக்க போகிய மெதுவா வச்சு, விரல் நுனியால லேசா அசைச்சு அது சட்டுன்னு இறங்கறத உணர்ந்து, அப்புறம் அடுத்த போகிக்குப் போறான்னா ரெடி. எட்டும் இறங்கறதுக்குள்ள கோவம் வந்து அமுக்கறான்னா இன்னும் ஒரு வருஷம் பிளாரெயில். பொதுவா எட்டு, ஒன்பது வயசுல பெரியவங்க பக்கத்துல இருந்தா இது கைவரும். ரீரெய்லர்னு ஒரு பிளாஸ்டிக் சாய்தளம் இருக்கு, அத தண்டவாளத்து மேல வச்சு பெட்டிய மேல இருந்து உருட்டி விட்டா தானா சரியா உக்காரும், கட்டாயம் ஒன்னு வாங்கிடுங்க. இது பிள்ளைங்களுக்கு மட்டும் இல்ல, கண்ணு மங்கின பெரியவங்களுக்கும் வரப்பிரசாதம்.

மார்க்லின்னு ஒரு ஜெர்மன் கம்பெனி, அதுல சின்னப் பிள்ளைங்களுக்குன்னு தனி வரிசை இருக்கு, பேட்டரில ஓடும். அதே கம்பெனியோட முழு மாடல்ல 15 வயசுக்கு மேலன்னு போட்டிருப்பான், ஏன்னா கைப்பிடி, பஃபர், ஹோஸ்னு ஒட்டியிருக்கற சின்னச் சின்னதெல்லாம் பிள்ளை கைக்குத் தாங்காது.

ஸ்கேல் ஸ்கேல்ங்கறாங்களே, எத எடுக்கறது?

இதுலதான் எல்லாரும் தல சுத்திப் போறாங்க, கொஞ்சம் நிதானமா பாப்போம். ஹெச்ஓன்னா நிஜத்துல 87ல ஒரு பங்கு, தண்டவாள அகலம் 16.5 மில்லிமீட்டர். பிரிட்டிஷ் மாடல், அதாவது ஹார்ன்பி மாதிரி, டபுள் ஓன்னு வரும், அது 76ல ஒரு பங்கு ஆனா தண்டவாளம் அதே 16.5தான். என்-ஸ்கேல் 160ல ஒரு பங்கு, 9 மில்லிமீட்டர் தண்டவாளம். ஜப்பான்காரங்க சாதா ரயிலுக்கு 150ல ஒன்னு, ஷின்கான்செனுக்கு 160ல ஒன்னுன்னு வச்சிருக்காங்க, ஓடறது ரெண்டும் அதே 9 மில்லிமீட்டர்ல. இசட் 220ல ஒன்னு, 6.5 மில்லிமீட்டர், மார்க்லின் 1972ல கொண்டு வந்தது, பாக்க அழகு ஆனா தூசி ஒன்னு விழுந்தாலும் நின்னுடும், முதல் ரயிலா இத எடுக்காதீங்க.

இப்ப நம்ம வீட்டு அளவுக்குக் கணக்கு போடுவோம். ஆறு பெட்டி எம்ஆர்டி நிஜத்துல சுமார் 138 மீட்டர். ஹெச்ஓல அது 1.6 மீட்டர் கிட்ட வரும், சோபா நீளம். என்-ஸ்கேல்ல 86 சென்டிமீட்டர். வளைவப் பாத்தீங்கன்னா காட்டோங்கற ஜப்பான் கம்பெனியோட யூனிட்ராக் தண்டவாளத்துல 315 மில்லிமீட்டர் ஆரம் இருக்கற வட்டம் 63 சென்டிமீட்டர்தான், நாலு பேர் சாப்பிடற மேசைல நீள்வட்டமா போட்டுடலாம். டபுள் ஓல ரெண்டாவது சைஸ் வளைவு 438 மில்லிமீட்டர் ஆரம், வட்டமே 88 சென்டிமீட்டர், அதுக்கு மேல நேர் தண்டவாளம் வேற, சாப்பாட்டு மேசைல முடியாது, தரையிலதான்.

அதனால பிடிஓ, அதாவது வீவக கட்டித் தர்ற புது வீட்ல இருக்கறவங்களுக்கு என்-ஸ்கேல்தான் என் ஓட்டு. ஜப்பான் பக்கத்துல இருக்கு, காட்டோ, டோமிக்ஸ் ரெண்டும் சுலபமா கிடைக்கும். ஆனா கண்ணு, கை ரெண்டுல ஒன்னு சிரமம்னா ஹெச்ஓவோ டபுள் ஓவோ எடுங்க, எடத்துக்காக கண்ண வருத்திக்காதீங்க. எத எடுத்தாலும் அதுலயே நில்லுங்க. ரெண்டு ஸ்கேல் வாங்கினா ரெண்டு தண்டவாளம், ரெண்டு வீடு செட், ரெண்டு செலவு, எதுவும் எதோடயும் சேராது.

காட்டோவா டோமிக்ஸா?

ரயில் ரெண்டு கம்பெனிதும் எந்த 9 மில்லிமீட்டர் தண்டவாளத்துலயும் ஓடும், கலந்து வாங்கலாம். தண்டவாளம் மட்டும் ஏதாவது ஒரு கம்பெனியோடயே இருங்க, இணைப்பு வேற, ரெட்டைப் பாதை இடைவெளியும் வேற, காட்டோ 33 மில்லிமீட்டர், டோமிக்ஸ் 37. கழட்டிக் கழட்டி மாட்டறவங்களுக்கு யூனிட்ராக் இணைப்பு உறுதி, டோமிக்ஸ்ல சின்ன வளைவு வகைங்க நிறைய. எனக்கு காட்டோ, என் மச்சானுக்கு டோமிக்ஸ், இந்தப் பேச்சு எங்க வீட்ல முடியவே முடியாது.

ஜப்பான்ல இருந்து செட் வாங்கிட்டு வந்தேன், அப்படியே பிளக் பண்ணலாமா?

பண்ணாதீங்க! அங்க 100 வோல்ட், நமக்கு 230. பவர் பேக் அடியிலயோ அடாப்டர் மேலயோ எழுதியிருக்கறதப் படிங்க. 100 வோல்ட் மட்டும்னு இருந்தா ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வேணும், வெறும் மூணு முள் பிளக் மாத்தி போதாது, அது முள்ளோட வடிவத்த மாத்தும், வோல்ட்ட மாத்தாது. 100 முதல் 240 வரைன்னு போட்டிருந்தா தைரியமா போடலாம். தண்டவாளத்துக்கு வர்றது 12 வோல்ட் டிசிதான், தொட்டா ஒன்னும் ஆகாது, ஆபத்தெல்லாம் சுவத்துக்கும் பவர் பேக்குக்கும் நடுவுலதான். அதே மாதிரி தாத்தா காலத்து டிரான்ஸ்ஃபார்மர் பரண்ல கிடைச்சா ஷோகேஸ்ல வைங்க, பிளக்ல வைக்காதீங்க, உள்ள இருக்கற இன்சுலேஷன் காஞ்சு போயிருக்கும்.

மகளுக்கு வாங்கலாமா, இது பசங்க விளையாட்டா?

வாங்குங்க. அடுத்த கேள்வி.

தொடக்கநிலை அஞ்சு, அடுத்த வருஷம் பிஎஸ்எல்இ, தொடக்கநிலை இறுதித் தேர்வு. இப்ப ஆரம்பிச்சா படிப்பு கெட்டுடாதா?

வர்ற பெற்றோர்ல பாதி பேர் இதத்தான் கேக்கறாங்க. டேப்லட்டோட ஒப்பிட்டா இதுக்கு ஒரு முடிவு இருக்கு, ரயில ஓட்டினோம், பெட்டில வச்சோம், மூடினோம், அவ்வளவுதான். சனிக்கிழமை மத்தியானம் ரெண்டு மணி நேரம்னு வச்சுக்கோங்க. தேர்வு வருஷத்துல புதுசா ஒன்னும் வாங்காதீங்க, புதுசு வந்தா மனசு அங்கதான் இருக்கும், இருக்கறத ஓட்டட்டும். கணக்கு டியூஷனுக்கு அனுப்பறவங்களுக்கு ஒரு சின்ன லாபமும் இருக்கு: விகிதம் வராத பிள்ளைகிட்ட, பன்னெண்டு மாடி புளோக், மாடிக்கு 2.8 மீட்டர்னா 150ல ஒரு பங்கு அட்டைல எவ்வளவு உயரம் வெட்டணும்னு கேட்டுப் பாருங்க. 22.4 சென்டிமீட்டர். தப்பா போட்டா புளோக் ரயில விட குட்டையா நிக்கும், அவனே சிரிச்சுக்கிட்டு திருப்பிப் போடுவான்.

எனக்கு பதினேழு வயசு, பாலிடெக்னிக்ல படிக்கறேன், கையில காசு இல்ல.

தம்பி, தங்கச்சி, உங்க வயசுலதான் இது சூப்பரா இருக்கும். முதல்ல காசே போடாம ஆரம்பிங்க. எக்ஸ்ட்ராக்கேட்னு ஒரு இலவச சாஃப்ட்வேர் இருக்கு, அதுல லேஅவுட் வரையலாம், நிஜ தண்டவாள அளவெல்லாம் உள்ளயே இருக்கும். வரைஞ்சு பாத்தாலே பாதி கனவு உங்க ரூம்ல அடங்காதுன்னு தெரிஞ்சுடும், அதுக்கு ஒரு வெள்ளியும் செலவாகல.

அப்புறம் எலெக்ட்ரானிக்ஸ். சிம் லிம் டவர்ல எல்இடி, ரெசிஸ்டர், ஒயர், சால்டரிங் அயர்ன் எல்லாம் சில்லறையா கிடைக்கும், ஸ்கொயர் இல்ல, டவர். ஆர்டுயினோங்கற சின்ன கன்ட்ரோலர் போர்டு தெரிஞ்சா சிக்னல் நீங்களே செய்யலாம், ரயில் ஒரு சென்சாரத் தாண்டினா பச்சை செவப்பாகணும், அடுத்த பகுதி காலியானா மறுபடி பச்சை, அவ்வளவுதான் லாஜிக். சால்டரிங் பண்றப்ப ஜன்னலத் திறந்து ஃபேன் போட்டு, முடிச்சதும் கையக் கழுவுங்க, ஈயம் கலந்த சால்டர்னா கட்டாயம். தேசிய நூலக வாரியத்தோட மேக்இட்ல 3டி பிரிண்டிங் கத்துக்கலாம், பிளாட்பாரம் பெஞ்சு, பஸ் ஸ்டாப்னு சின்னதா ஆரம்பிங்க.

ரயில் வாங்கற காசு சேர்ற வரைக்கும் ஒரு பெட்டி கூட வேணாம்னு நினைக்காதீங்க. மோட்டார் இல்லாத ஒரு பழைய பெட்டி கரோசல்ல சல்லிசா கிடைக்கும், அத வச்சு பெயிண்ட், வெதரிங் (அழுக்கு, துரு படிஞ்ச மாதிரி காட்டறது) எல்லாம் பழகலாம். தேசிய சேவைக்குப் போற ரெண்டு வருஷத்துல எல்லாத்தையும் மூட்ட கட்டணுமான்னு கேக்கறாங்க. கேம்ப்ல இருந்து புக் அவுட் ஆகி வந்த பையனுக்கு தூக்கம்தான் முதல்ல வேணும். ஆனா ஒரு ஷூ பெட்டில அடங்கற வேலை, அட்டை வீடு ஒட்டறது, மரம் செய்யறது, இதெல்லாம் வீக்கெண்ட்ல ஓடும்.

வேலைக்குப் போறோம், கல்யாணம் ஆயிடுச்சு, நாலு ரூம் வீடு, ஒரு ரூம் பிள்ளைக்கு. எங்கதான் லேஅவுட் கட்டறது?

கட்டாதீங்க. பெட்டி பெட்டியா செய்யுங்க. டி-டிராக்னு ஒரு முறை இருக்கு, ஜப்பான்ல பொறந்து உலகம் பூரா பரவினது. ஒரு சின்ன மரப்பெட்டி, 308 மில்லிமீட்டர் நீளம், அது மேல யூனிட்ராக் 248ம் 62ம் சேத்து 310 மில்லிமீட்டர், அந்த ரெண்டு மில்லிமீட்டர் வித்தியாசம் பக்கத்துப் பெட்டியோட தண்டவாளம் நல்லா கோத்துக்கறதுக்கு. ஒரு பெட்டில ஒரு காட்சி: ஒன்னுல வாய்ட் டெக் (புளோக்குக்கு அடியில இருக்கற திறந்த தளம்), ஒன்னுல மழைக்கால்வாய், ஒன்னுல கொப்பிக் கடை. எல்லாத்தையும் புத்தக அலமாரில அடுக்கி வச்சுட்டு, ஞாயித்துக்கிழமை சாப்பாட்டு மேசைல கோத்து, நாலு மூலைக்கும் வளைவுப் பெட்டி போட்டு ஓட்டலாம். நண்பர் வீட்ல அவரோட பெட்டியோட உங்களது சேரும், அளவு ஒன்னுங்கறதால. நாலஞ்சு பேர் சேந்தா சமூக மன்றத்துல ரூம் புக் பண்ணி பெருசா ஓட்டலாம்.

இந்த முறைல எனக்குப் புடிச்சது என்னன்னா ஒரு பெட்டி சொதப்பினா அந்த ஒரு பெட்டியத்தான் தூக்கிப் போடணும், பெரிய பலகைல கட்டினவங்களுக்கு அந்த வசதி இல்ல. வீடு மாத்தறப்பவும் அப்படித்தான்.

பாம் ஷெல்டருக்குள்ள பலகை போட்டுக் கட்டலாமான்னு ஒருத்தர் கேட்டாரு. காத்து இல்ல, சுவத்துல டிரில் போட கட்டுப்பாடு இருக்கு, கதவும் குறுகல். சாமான் வைக்க நல்ல எடம், உக்காந்து ஓட்ட நரகம்.

ரயில் மேல ஏறி கீழ வர்ற மாதிரி மேம்பாலம் வைக்கணும், மேசைல முடியுமா?

கணக்கு பாருங்க. என்-ஸ்கேல்ல ஒரு ரயிலுக்கு மேல இன்னொரு ரயில் போகணும்னா குறைஞ்சது 5 சென்டிமீட்டர் ஏறணும். 100க்கு 3 ஏத்தம்னா அதுக்கு 167 சென்டிமீட்டர் தூரம், 4 ஏத்தம்னா 125. ஏறினது இறங்கவும் அதே தூரம். சாப்பாட்டு மேசை நீள்வட்டத்துல கஷ்டப்பட்டு அடங்கும், நீளமான ரயில்னா வளைவுல சக்கரம் வழுக்கும். அதுக்குப் பதிலா பாதை முழுசையும் உயரத்துல வச்சுடுங்க. காட்டோ, டோமிக்ஸ் ரெண்டுலயும் கான்கிரீட் மேம்பாலப் பாதை செட் வருது, அதப் போட்டுக் கீழ ரோடு, பஸ், மரம்னு வச்சா ஈசூன் பக்கம் போற எம்ஆர்டி அப்படியே கண்ணு முன்னாடி நிக்கும். ஏத்தமும் இல்ல, இறக்கமும் இல்ல.

ரயில் திரும்பி அதே பாதைல வர்ற மாதிரி லூப் போட்டேன், பவர் பேக் கட் ஆகுது. கெட்டுப் போச்சா?

இல்ல, ஷார்ட் ஆகுது. ரெண்டு தண்டவாளத்துல ஒன்னு பிளஸ், ஒன்னு மைனஸ். லூப் சுத்தி திரும்பி வந்து சேர்ற எடத்துல இடது தண்டவாளம் வலது தண்டவாளத்தோட முட்டும், விரலால காத்துல வரைஞ்சு பாருங்க புரியும். ரெண்டு பக்கமும் இன்சுலேட்டட் ஜாயின்ட் போட்டு லூப்ப தனியாப் பிரிச்சு, போலாரிட்டி மாத்தற சுவிட்ச் வைக்கணும். மார்க்லின் ஹெச்ஓல இந்தத் தலவலி இல்ல, அவங்க நடுவுல மூணாவது தொடர்பு வச்சு ரெண்டு தண்டவாளத்தையும் ஒரே முனையா ஆக்கிட்டாங்க. புதுசா வர்றவங்க சாதா நீள்வட்டமே போடுங்க.

டிசிசி வேணுமா?

ஆரம்பத்துல வேணாம். சாதா டிசில கைப்பிடியத் திருப்பினா தண்டவாளத்துல இருக்கற எல்லா ரயிலும் ஓடும். டிசிசில ஒவ்வொரு எஞ்சினுக்குள்ளயும் ஒரு டிகோடர், அதுக்கு ஒரு நம்பர், அந்த நம்பரக் கூப்பிட்டா அது மட்டும் ஓடும், சத்தம், லைட் எல்லாம் தனித்தனியா. ஹெச்ஓல இது சொர்க்கம். என்-ஸ்கேல்ல எஞ்சினுக்குள்ள டிகோடர் வைக்கற எடம் நகக்கண் அளவு, எல்லா மாடலும் அதுக்குன்னு செஞ்சதும் இல்ல. ஒரே பாதைல ரெண்டு ரயில் ஒன்னா ஓட்ட ஆசை வந்தப்புறம் யோசிங்க.

நம்ம எம்ஆர்டி, பழைய கேடிஎம் (மலேசிய ரயில்), ஊட்டி ரயில் எல்லாம் மாடலா கிடைக்குமா?

எம்ஆர்டி 1987 நவம்பர் 7ல இயோ சூ காங்ல இருந்து தோ பாயோ வரைக்கும் ஓட ஆரம்பிச்சது, முதல் ரயிலு கவாசாக்கி செஞ்சது. பாதை ஸ்டாண்டர்ட் கேஜ், அதாவது ரெண்டு தண்டவாளத்துக்கும் நடுவுல 1435 மில்லிமீட்டர், 160ல வகுத்தா கிட்டத்தட்ட 9 வரும், அதனால என்-ஸ்கேல்ல அளவு பிசகாம செய்யலாம். வடகிழக்குப் பாதையத் தவிர மேல மின்கம்பி கிடையாது, பக்கத்துல மூணாவது தண்டவாளம்தான், மாடல் பண்றவங்களுக்கு அது எவ்வளவு நிம்மதி தெரியுமா! ஜப்பான் ரயில் ஒன்னோட மோட்டார் பாகத்த எடுத்து, மேல் உடம்ப 3டி பிரிண்ட் பண்ணிப் போடறதுதான் பழகின வழி.

கேடிஎம் மீட்டர் கேஜ், 1000 மில்லிமீட்டர். ஹெச்ஓல வகுத்தா 11.5 வரும், அதுக்கு 12 மில்லிமீட்டர் தண்டவாளம் தனியா இருக்கு, ஸ்விட்சர்லாந்து மலை ரயிலுக்காக செஞ்சது. கேடிஎம்மோட 26ம் வகுப்பு எஞ்சின், ப்ளூ டைகர்னு சொல்லுவாங்க, அதோட ஜெர்மன் அண்ணன் ஹெச்ஓ மாடலா வந்திருக்கு, சக்கர அகலத்தப் பத்தி கவலப்படலன்னா அத வாங்கி பெயிண்ட் மாத்திக்கலாம். ஆனா எஞ்சின விட எடம்தான் மனசத் தொடும். தஞ்சோங் பகார் ஸ்டேஷன் 1932ல திறந்து 2011 ஜூன் 30 ராத்திரியோட ரயில் நின்னுது. புக்கிட் தீமா ஸ்டேஷன் சின்னது, செங்கல் கட்டடம், ரெண்டு டி-டிராக் பெட்டில அடங்கிடும். அங்க கடைசி வரைக்கும் எஞ்சின் டிரைவர்கிட்ட டோக்கன், அதாவது அடுத்த பகுதிக்குள்ள போக அனுமதி அடையாளம், கைமாத்தித்தான் ரயில விட்டாங்க, அந்த டோக்கன் நீட்டற ஆள ஒரு பொம்மையா வச்சீங்கன்னா விஷயம் தெரிஞ்சவங்க உடனே கண்டுபுடிப்பாங்க. பக்கத்துல இருக்கற இரும்புப் பாலத்த இன்னைக்கும் நேர்ல போய் அளக்கலாம், ரயில் பாதை இப்ப நடைபாதைதான், 24 கிலோமீட்டர்.

ஊட்டி ரயிலும் மீட்டர் கேஜ். அதுல ஓடற எக்ஸ் கிளாஸ் எஞ்சின் முதல்ல வந்தது ஸ்விட்சர்லாந்து வின்டர்தூர்ல இருந்துதான், அதனால அந்த 12 மில்லிமீட்டர் சுவிஸ் தண்டவாளத்துல நீலகிரி செய்யறது அவ்வளவு பொருத்தம். இந்தியாவோட பிராட் கேஜ் 1676 மில்லிமீட்டர், ஹெச்ஓல 19 மில்லிமீட்டர் வேணும், எல்லாரும் 16.5லயே சமாளிக்கறாங்க, யாரும் ஸ்கேல் தூக்கிட்டு வந்து உங்க வீட்ல அளக்கப் போறதில்ல.

எங்க வாங்கறது, எவ்வளவு ஆகும்?

என்-ஸ்கேல் ஸ்டார்ட்டர் செட், ரயில், நீள்வட்டம், பவர் பேக் எல்லாம் சேத்து 200 வெள்ளி சுத்தி வச்சுக்கோங்க. வெளிநாட்டுல இருந்து தருவிச்சா 400 வெள்ளிக்குக் கீழ இருந்தாலும் 2023ல இருந்து ஜிஎஸ்டி உண்டு, இப்ப 9 விழுக்காடு, ஷிப்பிங் வேற, இதையும் சேத்துத்தான் ஒப்பிடணும். மரம், புல், அட்டை, ஃபோம் போர்டுக்கு பிராஸ் பாசா காம்ப்ளெக்ஸ், டைசோ போதும். பழசு வாங்கறப்ப ஓடற வீடியோ கேளுங்க, லைட் எரியற வீடியோ இல்ல, ஓடற வீடியோ, மெதுவா ஓடறது இன்னும் நல்லது, வேகமா எல்லாமே ஓடும், மெதுவா விட்டாத்தான் நோய் தெரியும். ரொம்பப் பழைய வார்ப்பு எஞ்சின்ல துத்தநாகக் கலவை வெடிச்சு உப்பியிருக்கும், நம்ம ஊர் சூடும் ஈரமும் அத இன்னும் வேகப்படுத்தும், ஒட்டவும் முடியாது, ஒன்னும் பண்ணவும் முடியாது. வெடிப்பு தெரிஞ்சா விலை எவ்வளவு கம்மின்னாலும் விட்டுடுங்க.

நம்ம ஊர் ஈரத்துக்கு இதெல்லாம் தாங்குமா?

தாங்கும், கவனிச்சா. நிக்கல் சில்வர் தண்டவாளம் துருப்புடிக்காது, ஆனா மேல ஒரு கறுப்புப் படலம் சேரும், ரயில் திக்கித் திக்கி ஓடினா முதல் சந்தேகம் அதுதான். பஞ்சு துணில ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நனைச்சு தண்டவாளத்து மேல ஒரு தடவ இழுங்க, துணில கோடு கோடா கறுப்பா வரும், அது வராம நிக்கற வரைக்கும் துடைங்க. உப்புத்தாள் போடாதீங்க, கீறல்ல அழுக்கு இன்னும் சீக்கிரம் சேரும்.

யாரும் சொல்லாத விஷயம் ஒன்னு. ஜப்பான் மாடல் வர்ற பெட்டிக்குள்ள மெத்துன்னு ஒரு யூரித்தேன் ஃபோம் இருக்கும். பல வருஷம் ஈரத்துல இருந்தா அது பொடியும் பிசினுமா ஆகி ரயிலோட பெயிண்ட்ல ஒட்டிக்கும். அதனால நடுவுல ஒரு மெல்லிசு பிளாஸ்டிக் தாள் சுத்தி வைங்க, வருஷத்துக்கு ஒரு தடவ பெட்டியத் திறந்து விரலால அமுக்கிப் பாருங்க, பிசுபிசுன்னா மாத்துங்க. கேமரா வைக்கற டிரை கேபினட் இருந்தா ரொம்ப நல்லது, இல்லன்னா மூடி டைட்டான டப்பாவும் சிலிக்கா ஜெல்லும். பலகை மரமா இருந்தா ரெண்டு பக்கமும் வார்னிஷ் அடிங்க, ஒரு பக்கம் மட்டும் அடிச்சா வளையும். பசை காயறப்ப ஃபேன் ஓடட்டும், மழை வாரத்துல புல் ஒட்டினா பூஞ்சைதான் முளைக்கும்.

அப்பாவுக்கு அறுபத்தெட்டு. ஓய்வு பெற்று வீட்ல சும்மா உக்காந்திருக்காரு. இனிமே இதெல்லாம் வருமா?

வரும், ஆனா பிறந்தநாள் பரிசா பெரிய பெட்டியக் குடுத்து முன்னாடி வச்சுடாதீங்க, அவரு சேமிச்சு வச்ச காசு கணக்கு மனசுல ஓடும், இவ்வளவு செலவு எதுக்குப்பான்னு ஆரம்பிச்சுடுவாரு. ஒரு வேலையாக் குடுங்க. அப்பா, இந்த ஸ்டேஷன் கூரை எப்படி இருந்துச்சுன்னு ஞாபகம் இருக்கான்னு கேளுங்க. மலாயா ரயில்வேல நம்ம ஆளுங்க நிறைய பேர் வேலை பாத்திருக்காங்க, அந்தத் தலைமுறைல ஜோகூர், கோலாலம்பூர்னு ராத்திரி ரயில்ல போகாதவங்க கம்மி, பேச ஆரம்பிச்சா நிறுத்த மாட்டாங்க.

உடம்பு விஷயத்துக்கு வருவோம். ஹெச்ஓவோ டபுள் ஓவோ எடுங்க, எழுத்து படிக்கற அளவுக்கு இருக்கும். மேசை இடுப்பு உயரம் இருக்கணும், தரையில போட்டா குனிய முடியாது, எழுந்திருக்கவும் முடியாது, தண்டவாளத்த மிதிச்சு விழற ஆபத்து வேற. வெள்ளை எல்இடி சுத்தி இருக்கற பூதக்கண்ணாடி விளக்கு ஒன்னு மேசைல கிளிப் பண்ணுங்க. கை நடுங்கினா நுணுக்கமான ஒட்டு வேலை வேணாம், ஓட்டறது, டைம்டேபிள் போடறது, மரம் செய்யறது எல்லாம் நல்லா வரும். ஒயர் எல்லாம் மேசைக்கு அடியில கட்டிடுங்க, கால்ல மாட்டக்கூடாது.

தாத்தாவும் பேரனும் சேந்து பண்ணலாமா?

பண்ணலாம், வேலையப் பிரிச்சுக் குடுத்தா. எஞ்சின் தாத்தாவோடது, பாயிண்ட் (பாதை பிரியற எடம்) மாத்தறது பேரனோடது. ரெண்டு பேருக்கும் ஒரே கன்ட்ரோலர் குடுத்தா சண்டைதான், அதுவும் பேரன் ஃபுல் ஸ்பீடுல வளைவுல விடுவான், தாத்தா மூஞ்சி மாறிடும். பேரனுக்குன்னு அடிபட்டாலும் கவலையில்லாத ஒரு பழைய வண்டி தனியா வச்சிடுங்க, தாத்தாவோட நல்ல எஞ்சின் கண்ணாடி டப்பாக்குள்ள இருக்கட்டும்.

வீட்ல துடைக்கற அக்கா ரயில் பெட்டிய ஈரத் துணில துடைச்சுட்டாங்க.

அவங்க மேல தப்பில்ல, அது பொம்மைன்னுதான யாருக்கும் தோணும். ஷெல்ஃபுக்கு கதவு போடுங்க, தூசிக்கு மேக்கப் பிரஷ் ஒன்னு வைங்க.

வீட்ல பூனை இருக்கு.

கதவ மூடிட்டு ஓட்டுங்க. சுரங்கத்துக்குள்ள ரயில் போறப்ப அந்தப் பக்கம் வாயில உக்காந்து காத்திருக்கும், வெளிய வந்ததும் ஒரு அடி. என்-ஸ்கேல் பெட்டி ஒன்னு சோபாக்கு அடியில போனா தேடறதுக்கு டார்ச் லைட்டும் நீளமான ஸ்கேலும் கைவசம் வச்சுக்கோங்க.